ஆடிட்டர் வராத ஜூலை

துபாய் கராமாவில் எங்கள் தெருமுனை ஓட்டலில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை உண்டு. ஜூலை மாதத்தில் மட்டும் அந்த மேசையில் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். அது ஆடிட்டருடைய மேசை. மாலையானால் லேப்டாப்பைத் திறந்துகொண்டு அவர் உட்கார்ந்துவிடுவார். தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் மெட்ரோவிலிருந்து கழுத்தில் டையோடு இறங்கி வந்தவர்களும் பான் கார்டு நகலைக் கையில் வைத்துக்கொண்டு டீ குடித்தபடி காத்திருப்பார்கள். துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனால் ஊரில் வீட்டு வாடகையோ டெபாசிட் வட்டியோ வந்தால் அங்கே வரி பிடித்துவிடுவார்கள். ரிட்டர்ன் போட்டால் பிடித்ததில் கொஞ்சம் திரும்பி வரும். அந்தக் கொஞ்சத்தை முழுசாக்கித் தருகிற கைராசிக்காரர் என்று அவருக்கு ஊரெல்லாம் பெயர்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் ஆடிட்டரே இல்லை. ஏதோ ஒரு கார்கோ கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். சிரித்த முகம், நெற்றியில் எப்போதும் திருநீறு, எல்லாரையும் "தம்பி", "தங்கச்சி" என்று கூப்பிடுகிற வாய். ரிட்டர்ன் போடுகிற அரசாங்க இணையதளத்தில் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவரே பாஸ்வேர்ட் வைப்பார். தொடர்பு எண் என்கிற இடத்தில் தன்னுடைய போன் நம்பரையும் தன்னுடைய ஈமெயிலையும் போட்டுவிடுவார். "ஓடிபி ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா தம்பி? நீங்க சைட்ல இருப்பீங்க. நான் பாத்துக்கறேன்" என்பார். நான் பாத்துக்கறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், கல்ஃபில் இருக்கிற நம் ஆட்கள் தலையையே கழற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

என் வீட்டுக்காரரும் அப்படிக் கொடுத்தவர்தான். கட்டுமானக் கம்பெனியில் குவான்டிட்டி சர்வேயர். கட்டடத்துக்கு எவ்வளவு கம்பி, எவ்வளவு சிமென்ட் என்று இஞ்ச் பிசகாமல் கணக்குப் போடுகிறவர். சொந்தக் கணக்கை மட்டும் ஊரான் கையில் கொடுத்திருந்தார்.

என் பெயரிலும் ஊரில் ஒரு டெபாசிட் இருக்கிறது. அதற்கான ரிட்டர்னை நானே போடுவேன். நான் சரக்குக் கப்பல் ஆபீசில் டாகுமென்ட் வேலை பார்க்கிறவள். ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினால் கன்டெய்னர் துறைமுகத்திலேயே நாறும் என்பது எனக்குத் தெரியும். அரசாங்கத் தளத்திலேயே மென்பொருள் இருக்கிறது, கேள்வி கேட்கும், பதில் சொல்லிக்கொண்டே போகலாம். ஆரம்பத்திலேயே அது கேட்கிற கேள்வி, நீ இந்தியாவில் வசிக்கிறாயா, வெளிநாட்டில் வசிக்கிறாயா என்பது. நான் வெளிநாடு என்று டிக் போடுவேன். ஊரில் வசிப்பவர்களுக்குக் கிடைக்கிற ஒரு தள்ளுபடி நமக்குக் கிடையாது. அதனால் எனக்கு ரீஃபண்ட் கொஞ்சம்தான் வரும். அவருக்கு மொத்தமும் வரும்.

"பாத்தியாடி, உன் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? ஆடிட்டர்னா ஆடிட்டர்தான்" என்று ரீஃபண்ட் வந்த அன்றைக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு வருவார்.

"உங்களுக்கு மட்டும் எப்படிங்க முழுசா வருது? என்ன எழுதுறார்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"அதெல்லாம் அவருக்குத் தெரியும்."

எனக்கு எரிச்சலாக வரும். ஜிலேபியைச் சாப்பிடுவேன், சண்டையும் போடுவேன்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் ரீஃபண்ட் பெரிய விஷயமாக இல்லை. திருச்சிப் பக்கத்தில் மாமியார் தனியாக இருந்தார். மாசி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆகி, ஒரு அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவர் ஒரே பிள்ளை. போனில் அத்தை வேறு எதுவும் பேசுவதில்லை. "எப்படா வர்ற?" என்பார். இவர் ஏதாவது சொல்வார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும், "எப்படா வர்ற?" இவருடைய கம்பெனி வேலையும் ஆகஸ்டோடு முடிகிறது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் முடிவெடுத்தோம். இங்கே சேர்த்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு செப்டம்பரில் அவர் ஊருக்கே போய்விடுவது. மகள் பன்னிரண்டாவது எழுதி முடித்ததும் நானும் அவளும் பின்னாலேயே போவது. "செப்டம்பர்ல வந்துடறேம்மா. இனிமே திரும்பிப் போக மாட்டேன்" என்று அவர் சொன்ன அன்றைக்கு அத்தை போனிலேயே அழுததைக் கேட்டேன். இவரும் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஜூலை வந்தது, ஆடிட்டர் வரவில்லை.

முதல் வாரம் யாரும் கவலைப்படவில்லை. அடுத்த வாரம் மேசையைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். கார்கோ கம்பெனியில் விசாரித்தால், மார்ச்சிலேயே விசா கேன்சல் செய்துகொண்டு போய்விட்டாராம். கனடா போய்விட்டார் என்றார் ஒருவர். மெட்ராஸ் ஏர்போர்ட்டிலேயே பிடித்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். ஓட்டல் முதலாளி, "ஆளே மாஃபி, இல்லவே இல்ல" என்று கையை விரித்தார். காத்திருந்தவர்களுக்குள்ளே பேச்சு வேறு மாதிரி போக ஆரம்பித்தது. யாருக்கோ ஏதோ நோட்டீஸ் வந்திருக்கிறதாம். யாரையோ ஊரில் இறங்கியதும் தனியாக உட்கார வைத்து விசாரித்தார்களாம். யார், எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லாரும் நம்பினார்கள். அந்தப் பேச்சையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து சொல்லும்போது இவருடைய முகம் கறுத்துப் போயிருந்தது.

"விடுங்க. இந்த வருஷம் உங்களுதையும் நானே போட்டுடறேன்" என்றேன்.

அவருடைய பான் நம்பரை அடித்து, ஆடிட்டர் சொல்லியிருந்த பாஸ்வேர்டைப் போட்டேன். போன் நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. எந்த நம்பர்? கடைசி எண்களைப் பார்த்தால் ஆடிட்டருடையது. அந்தப் போன் எங்கே இருக்கிறதோ, யார் கையில் இருக்கிறதோ. சரி, பாஸ்வேர்டை மாற்றுவோம் என்று ஆதார் வழியாகப் போனேன். அதற்கும் ஓடிபி. அது ஆதாரில் கொடுத்திருந்த அவருடைய பழைய ஊர் நம்பருக்குப் போனது.

"அந்த சிம் எங்கங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இங்கே வந்த பிறகு ஊர் சிம்மை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? மேசை இழுப்பறையில் கிடக்கும், பிறகு அதுவும் தொலைந்துபோகும். எங்கள் கட்டடத்தில் கதவுக்குக் கதவு இதே கதைதான்.

ஒரு யோசனை வந்து அந்தப் பழைய நம்பருக்கே நான் போன் போட்டேன். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள், திருநெல்வேலிப் பேச்சு.

"யாரு பேசுதது?"

இது முன்னால் என் கணவருடைய நம்பர் என்றேன். அவருடைய பெயரையும் சொன்னேன்.

"யம்மா... அவுக உசுரோட இருக்காகளா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, நல்லா இருக்கற மனுஷனப் பாத்து இப்படியா கேப்பாங்க?"

"கோவப்படாதிய அக்கா. நான் சிம்மு வாங்குனதுலருந்து அவுக பேருக்கு மெசேஜா வருது. இன்கம்டாக்ஸ்லருந்து. வெளிநாட்டுல கணக்கு இருக்கு, காட்டலங்கான். பதில் சொல்லுங்கான். மொதல்ல எனக்குத்தான் வந்திருக்குன்னு பயந்துபோயி ரெண்டு நாளு சோறே எறங்கல. அப்புறம் பேரு வேறயா இருக்கேன்னு விட்டுட்டேன். யாருமே தேடி வரல, அதான் ஆளு இல்ல போலன்னு..."

இவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். போடாமல் இருந்திருக்கலாம்.

இப்போது ஒரு ஓடிபி வந்திருக்கும், அதைச் சொல்லம்மா என்று கேட்டேன். மாட்டேன் என்றாள். ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது என்று பேங்கில் சொல்லியிருக்கிறார்களாம். நான் கெஞ்சினேன், திட்டினேன், மறுபடியும் கெஞ்சினேன். கடைசியில், "அவுகளை வீடியோவுல காட்டுங்க. மொகத்தைப் பாத்தாத்தான் நம்புவேன்" என்றாள். என் வீட்டுக்காரர் பனியனோடு, கையில் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குத் தான் உயிரோடு இருப்பதை நிரூபித்தார். வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அவள் பார்த்துவிட்டு, "சரி அண்ணாச்சி, நல்லா இருங்க" என்று எண்களைச் சொன்னாள்.

உள்ளே போனோம். முதல் வேலையாகத் தொடர்பு எண்ணை என்னுடையதாக மாற்றினேன். பிறகு பழைய ரிட்டர்ன்களைத் திறந்தேன்.

ஒவ்வொரு வருடமும் "இந்தியாவில் வசிப்பவர்" என்று டிக் போட்டிருந்தது. முழு ரீஃபண்டின் ரகசியம் அவ்வளவுதான், வேறு கைராசி ஒன்றும் இல்லை. ஊரில் வசிக்கிறவர் என்று எழுதித் தள்ளுபடியை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் ஊரில் வசிக்கிறவர் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். துபாய் சம்பளம், துபாய் பேங்க் எல்லாவற்றையும். இங்கே பேங்கில் கணக்குத் திறக்கும்போது இவர் ஊர் விலாசத்தைக் கொடுத்திருந்தார். அப்படிப்பட்ட கணக்குகளின் விவரம் இந்திய வரித்துறைக்குப் போகும். போயிருக்கிறது. அதனால்தான் கேள்வி வந்திருக்கிறது, ஆதாரில் இருந்த பழைய நம்பருக்கும் சேர்த்து.

அதைவிட மோசமானது அடுத்து இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதிலும் போயிருந்தது. ஆடிட்டர் விட்டுப் போவதற்கு முன்னால் அனுப்பியது. எனக்கு வெளிநாட்டில் எந்தக் கணக்கும் கிடையாது, நான் சொந்த ஊரில் தாயாருடன் வசித்து விவசாயம் பார்த்துவருகிறேன் என்று இவருடைய பெயரில், இவரே ஒப்புக்கொண்ட மாதிரி.

அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். "எனக்கு மம்பட்டியே பிடிக்கத் தெரியாதேடி" என்றார். பிறகு, "இப்ப நான் இங்க சேத்த பணத்தோட ஊருக்குப் போனா?" என்றார்.

நான் அவரை அப்போது நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவர் மறுபடியும் அந்தப் பதிலையே முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் நான் திருச்சியில் பரீட்சை எழுதிப் பாஸ் செய்த நிஜ ஆடிட்டர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் போனில் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "சிக்கல்தான், ஆனா வழி இருக்கும்மா. அவர் அங்கதான் இருந்தார்னு பாஸ்போர்ட், விசா எல்லாம் சொல்லுமே. நடந்ததை எழுதுங்க. பழைய ரிட்டர்னைத் திருத்துங்க. கட்ட வேண்டியதைக் கட்டுங்க. சீக்கிரம் பண்ணுங்க. ஏர்போர்ட்ல எல்லாம் யாரும் பிடிக்க மாட்டாங்க, அவரைத் தைரியமா வரச் சொல்லுங்க" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் இரண்டு வாரம் மென்பொருளோடு மல்லுக்கட்டி எல்லாவற்றையும் திருத்தித் தயார் செய்தேன். அந்த ஆடிட்டரும் பார்த்துச் சரி என்றார். இவர் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

இவர் சொல்லவில்லை.

"அனுப்பினா, இவ்வளவு நாள் பொய் சொன்னேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"பொய் சொன்னது நீங்க இல்லையே!"

"பேரு என் பேருதானே இருக்கு."

ஓட்டலில் கேட்ட கதைகள் அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டார். காலிங் பெல் அடித்தால் என்னைப் பார்ப்பார். படித்த ஆடிட்டர் சொன்னது காதில் ஏறவில்லை. ஓட்டலில் யாரோ யாரைப் பற்றியோ சொன்னது மட்டும் நன்றாக ஏறியிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அனுப்பும் பட்டன் என் எதிரில் இருந்தது, ஓடிபி என் போனுக்குத்தான் வரும். அவரைக் கேட்காமல் அமுக்கிவிடலாமா என்று நினைத்தேன். அமுக்கினால் அந்த மேசைக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? லேப்டாப்பை மூடினேன்.

செப்டம்பர் வந்தது. அவர் ஊருக்குப் போகவில்லை. சவுதியில் யான்பு என்கிற ஊரில் ஒரு ரிஃபைனரி வேலைக்கு ஆள் வேண்டும் என்று பழைய நண்பர் ஒருவர் கூப்பிட்டார், இவர் அங்கே போய்விட்டார். "ஒரு வருஷம். எல்லாம் அடங்கட்டும்" என்றார். என்ன அடங்கும், எப்படி அடங்கும் என்று அவருக்கே தெரியாது. கிளம்பும் முன் அத்தையிடம், புது வேலை, லீவு கிடைக்கவில்லை என்று சொன்னார். "வந்துடறேன்னு சொன்னியேடா" என்று அத்தை கேட்டபோது போனை என் கையில் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போனார்.

யான்புவிலிருந்து தினமும் பேசுவார். நான் தினமும் கேட்பேன், "அனுப்பட்டுமா?" அவர் தினமும், "பாக்கலாம்" என்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "உங்கம்மா உங்களுக்காகத்தான் உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க, அது உங்களுக்குத் தெரியுதா இல்லையா?" என்று கத்தினேன். அவர் போனை வைத்துவிட்டார். மறுநாள் மறுபடியும் பேசினார், மறுபடியும் "பாக்கலாம்".

கார்த்திகையில் அத்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் அவருக்குப் போன் போட்டு, "கிளம்புங்க, டிக்கெட் போடறேன்" என்றேன். எமர்ஜென்சி லீவு கேட்டால் கொடுப்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். அவர், "நீ போ. நீ போய்ப் பாத்துக்க" என்றார். நான் என்னென்னவோ பேசினேன். வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. அவர் திருப்பிச் சொன்னது ஒன்றுதான்: "இறங்கற எடத்துலயே பிடிச்சுட்டா, அம்மாவுக்கு அது தெரிஞ்சா, தாங்குவாங்களா?"

நான் மகளைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு அன்றைக்கே கிளம்பினேன். திருச்சி விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அத்தைக்கு நினைவு இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் படுக்க வைத்தோம். அந்த வீட்டு விலாசம்தான் ரிட்டர்னில் இருக்கிறது. தாயாருடன் வசித்துவருகிறேன் என்று எழுதியிருந்ததே, அந்த வீடு. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, "பையன் எங்கே, எப்ப வர்றான்?" என்று கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்று நானும் சொன்னேன். இவருடைய பெரியப்பா மகன் கொள்ளி வைப்பது என்று முடிவாயிற்று.

எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் வீடியோவில் வந்தார். சைட்டிலிருந்து அப்படியே, தலையில் ஹெல்மெட்டோடு. அதைக் கழற்ற வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. பின்னால் ஏதோ மெஷின் சத்தம். நான் போனைத் திருப்புவதற்குள், "இரு" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாராவது என்னைக் கேட்டு வந்தாங்களா?" என்றார்.

"எல்லாரும்தாங்க கேக்கறாங்க. சித்தப்பா, உங்க அத்தை பொண்ணுங்க, எதிர்வீட்டு..."

"அவங்க இல்லடி. இன்கம்டாக்ஸ் ஆபீஸ்லருந்து யாராவது. வாசல்ல புது ஆளு யாராவது நிக்கறாங்களா பாரு."

வாசலில் பறை அடிக்கிறவர்களும் பந்தலுக்கு நாற்காலி போடுகிறவர்களும்தான் நின்றார்கள். போனைத் திருப்பி அவருடைய அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.